காதல் முறிவை எக்ஸ்பெரிமெண்டல் சினிமால எப்படி காட்டுவாங்க?

சண்டை, கண்ணீர், சோகப்பாட்டு இதெல்லாம் பெரும்பாலும் இருக்காதுங்க, பிரிஞ்ச பிறகு நேரம் நகராம கிடக்கும் பாருங்க, அதையே படமா எடுத்துடுவாங்க. எனக்கு ரொம்ப நெருக்கமான உதாரணம் பெல்ஜியம் டைரக்டர் ஷான்டல் அகர்மன் 1974ல எடுத்த ‘ஜ து இல் எல்’, அதாவது நான், நீ, அவன், அவள்.

பிளாக் அண்ட் ஒயிட் படம். அகர்மனே நடிச்சிருக்காங்க. ஒரு ரூம்ல தனியா, தரையில மெத்தையப் போட்டு படுத்துக்கிட்டு லெட்டர் எழுதறாங்க, எழுதினத அடிச்சுடறாங்க, திரும்ப எழுதறாங்க, நடுநடுவுல பேப்பர் பையில இருக்கற சர்க்கரைய ஸ்பூனால அள்ளி அள்ளி சாப்பிடறாங்க, அது தரையில கொட்டினா மறுபடி பைக்குள்ள அள்ளிப் போடறாங்க. வேற சாப்பாடு கிடையாது. ஃபர்னிச்சருக்கு முதல் நாள் நீலம், மறுநாள் பச்சை அடிச்சேன்னு பின்னணியில அவங்க குரல் சொல்லுது, திரையில கலரே இல்ல! சொல்றதும் காட்றதும் ஒட்டவே ஒட்டாது, மனசு உடைஞ்சவங்க தலைக்குள்ள அப்படித்தானே இருக்கும்.

கடைசில பழைய காதலி வீட்டுக்குப் போறாங்க. நீ இங்க தங்க முடியாதுன்னு அவ சொல்றா. இவங்க சொல்றது “பசிக்குது”ன்னுதான். அவ பிரெட்ல எதையோ தடவிக் குடுக்கறா. ராத்திரி முழுக்க ஒண்ணா இருக்காங்க, விடிஞ்சதும் இவங்க எழுந்து கிளம்பிடறாங்க.