நின்ற மெஷினுக்குத்தான் பயப்பட வேண்டும்

தங்கச்சி, உன் கேள்வியைப் படித்ததும் என் முதல் வருஷம் அப்படியே கண்முன் வந்தது. நீ இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, வாடகை வீட்டின் பின்னால் புல்வெளி, அதை வெட்டுவது குடியிருப்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, கணவருக்கு இரவு வேலை. கொட்டகையில் வீட்டுக்காரர் புல் வெட்டும் ஒரு பழைய பெட்ரோல் மெஷினை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். "தள்ளுவண்டி மாதிரித்தானே இருக்கிறது அக்கா, நானே வெட்டிவிடலாமா? ஆனால் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது" என்று கேட்டிருக்கிறாய்.

தாராளமாக நீயே வெட்டலாம். இதற்கு உடம்பு பலம் பெரிதாகத் தேவையில்லை. பயம் இருக்கட்டும், அது நல்லதுதான். ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. மெஷின் ஓடும்போது அந்தச் சத்தமே நம்மை ஜாக்கிரதையாக வைத்திருக்கும். அது நின்றதும் கை தானாக உள்ளே போகிறது பார், அங்கேதான் வினை.

என் இடது கை மோதிர விரலின் நுனியில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. மழை விட்ட மறுநாள் அவசரப்பட்டு வெட்டினேன். ஈரப்புல் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, புல் வெளியே வரும் வாயை அடைத்துவிட்டது. கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்திருந்த லீவரை விட்டேன், இஞ்சின் நின்றது, ஒரு சத்தமும் இல்லை. குனிந்து கையை விட்டு அந்தப் புல் உருண்டையைப் பிடுங்கினேன். பிடுங்கிய கணமே பிளேடு கால் சுற்று சுற்றியது. கையுறை போட்டிருந்ததால் விரல் பிழைத்தது, ஆனாலும் தையல் போட வேண்டியிருந்தது.

நின்றுபோன மெஷின் எப்படிச் சுற்றியது என்று பல நாள் எனக்குப் புரியவில்லை. மெஷின் பழுதுபார்க்கும் ஒருவர்தான் விளக்கினார். பிளேடு நேராக இஞ்சின் தண்டிலேயே முடுக்கப்பட்டிருக்கிறது. இஞ்சின் நிற்கும்போது சிலிண்டருக்குள் காற்று அமுங்கி மாட்டிக்கொண்டிருக்கலாம். பிளேடைப் பிடித்துக்கொண்டிருந்த புல்லை நாம் எடுத்ததும் அமுங்கிய காற்று பிஸ்டனைத் தள்ளும், பிளேடும் சேர்ந்து திரும்பும். இதற்குத் தலைகீழான ஆபத்தும் உண்டு. நாம் பிளேடைக் கையால் திருப்பினால் பிஸ்டன் நகரும். இஞ்சினுக்குள் பொறி தட்டிப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கின் ஒயர் மாட்டியபடியே இருந்து, பாதுகாப்பு ஸ்விட்ச் கெட்டுப்போயிருந்தால், இஞ்சின் ஒருமுறை வெடித்து உதைக்கக்கூட வாய்ப்பிருக்கிறது.

அதனால் இதை மட்டும் பழக்கமாக்கிக்கொள்: மெஷினின் அடிப்பக்கம் கை போகுமுன் ஸ்பார்க் பிளக்கின் மேலிருக்கும் ரப்பர்த் தொப்பியைக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கி வை. இஞ்சினின் முன்பக்கம் தடித்த கறுப்பு ஒயர் ஒன்று வந்து முடியும், அதன் நுனியில் இருப்பதுதான் அந்தத் தொப்பி. இழுத்தால் வந்துவிடும். அடைப்பை எடுப்பதும் விரலால் அல்ல, ஒரு குச்சியால். இஞ்சின் சூடாக இருந்தால் பக்கத்திலேயே இருக்கும் சைலன்சரில் கை படாமல் பார்த்துக்கொள், தொட்டால் தோல் உரிந்துவிடும்.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று தெரிந்தால் இதெல்லாம் மிகையாகத் தோன்றாது. 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் உருவாக்கிய முதல் புல்வெட்டி உருளை வகை, கத்திரிக்கோல் போல நறுக்கும். உன் கொட்டகையில் இருப்பது அப்படியல்ல. ஒரு தட்டையான இரும்புப் பட்டை, இரண்டு முனையிலும் கூர், அதைச் சுழற்றிச் சுழற்றிப் புல்லை அடித்து அறுக்கும். 20 அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 290 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கணக்கு வரும். வழியில் ஒரு கூழாங்கல் கிடந்தால் அது என்ன வேகத்தில் பறக்கும் என்று நினைத்துப் பார். (உன் புல்வெளி இரண்டு கார் நிறுத்தும் அளவுதான் என்றால், இஞ்சினே இல்லாத கைத்தள்ளு உருளை மெஷின் போதும் என்பது என் கட்சி. சத்தமில்லை, பெட்ரோல் இல்லை. விரல் வைத்தால் அதுவும் வெட்டும்தான்.)

இனி அந்தப் பழைய மெஷினுக்கு வருவோம். வெளியே வெளிச்சத்தில் இழுத்து வந்து, பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு நிதானமாகப் பார். மடித்து வைத்திருந்த கைப்பிடியை விரித்தால் இரண்டு பக்கத் திருகும் நன்றாக இறுகியிருக்க வேண்டும், கேபிள் நடுவில் நசுங்கியிருக்கக் கூடாது. நாலு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார். பின்பக்கம் தொங்கும் ரப்பர் மறைப்பும், பக்கவாட்டு வாயின் மூடியும் இருக்கின்றனவா என்று முக்கியமாகப் பார். கல் உன் காலுக்கு வராமல் தடுப்பவை அவைதான். பழைய மெஷின்களில் "இடைஞ்சல்" என்று யாராவது கழற்றிப் போட்டிருப்பார்கள்.

அதைவிட மோசமான இன்னொரு வேலையும் செய்து வைப்பார்கள். கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் லீவர் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்று கயிறோ கம்பியோ போட்டுக் கட்டிவிடுவார்கள். கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு. நீ வழுக்கி விழுந்தால் உன் கை விடும், அந்தக் கணத்தில் பிளேடை நிறுத்துவதற்கென்றே வைத்த லீவர் அது. அமெரிக்காவில் 1982-இலிருந்து, லீவரை விட்ட 3 விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்பது விதி. உன் மெஷினை முதல்முறை ஓடவிட்டதும் லீவரை விட்டு எண்ணிப் பார். இஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அன்றோடு அந்த மெஷினைத் தொடாதே. வீட்டுக்காரருக்குச் சொல், சரிசெய்து தரட்டும். அந்த 3 விநாடியும் சின்ன நேரமில்லை. ஓர் அடி எடுத்து வைக்க ஒரு விநாடி போதும்.

ஆயில் பார்ப்பது சுலபம். சமதளத்தில் நிறுத்தி, அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்து, திரும்ப விட்டு எடுத்தால் இரண்டு கோட்டுக்கு நடுவே ஆயில் தெரிய வேண்டும். கறுத்துக் கிடந்தால் மாற்றிவிடு. (யாராவது கடையில் புது மெஷின் வாங்கினால் ஒன்று சொல்: பெரும்பாலும் பெட்டியில் ஆயில் ஊற்றாமல்தான் வரும். அப்படியே ஓட்டினால் இஞ்சின் இறுகிப் போகும்.) பெட்ரோல் டாங்கில் போன வருஷத்துப் பெட்ரோல் கிடக்கும், அதை நம்பாதே. ஒரு மாதம் தாண்டினாலே பெட்ரோல் தரம் இறங்கத் தொடங்கும், பாதி நாள் ஸ்டார்ட் ஆகாததற்கு அதுதான் காரணம். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த பெட்ரோல் இந்தச் சின்ன இஞ்சின்களுக்கு ஆகாது. ஆயிலுக்குத் தனி மூடி இருந்தால் அது நாலு ஸ்ட்ரோக் இஞ்சின், பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது.

பெட்ரோலை அதற்கென்றுள்ள கேனில் மட்டும் வாங்கு. பங்கில் நிரப்பும்போது கேனைக் காரின் டிக்கியில் வைத்தபடி நிரப்பாதே, தரையில் இறக்கி வை. டிக்கி விரிப்பின் மேல் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி தட்டும் அபாயம் உண்டு. வீட்டிலும் திறந்த வெளியில், இஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். பாதி வெட்டும்போது தீர்ந்துவிட்டால் கோபம் வரும், தெரியும். ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடி. சிந்தினால் துடைத்து, மெஷினை வேறு இடத்துக்குத் தள்ளிப்போய் ஸ்டார்ட் செய். கொட்டகைக்குள்ளோ கார் நிறுத்தும் அறைக்குள்ளோ, கதவு திறந்திருந்தாலும், ஓடவிடாதே. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது.

வெட்டுமுன் புல்வெளியை ஒருமுறை முழுக்க நடந்து பார்க்க வேண்டும். நான் இதை நடவு வயல் பார்க்கிற மாதிரி வரிசை வரிசையாக நடப்பேன். கல், குச்சி, கம்பித் துண்டு, பந்து, தண்ணீர்க் குழாய், பொம்மைக் கார், எல்லாம் புல்லுக்குள் ஒளிந்திருக்கும். போன வருஷம் பொறுக்கினோமே என்று விட்டுவிடக் கூடாது. தரைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் மூக்குகளுக்கு ஒரு குச்சி நட்டு அடையாளம் வை.

உனக்கு நாலு வயசுப் பையன் இருக்கிறான் என்று எழுதியிருந்தாய். அவன் வீட்டுக்குள், கதவு சாத்தி, விழித்திருக்கும் ஒரு பெரியவரின் பார்வையில் இருக்க வேண்டும். "ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும்" என்பது வேண்டாம். அந்தச் சத்தத்தில் அவன் "அம்மா" என்று ஓடிவருவது உனக்குக் கேட்காது, மெஷினைப் பின்னுக்கு இழுக்கும்போதுதான் தெரியும். அதனால் கணவர் தூங்கும் நேரத்தில் வெட்டாதே, அவர் எழுந்த பிறகு வெட்டு. பையன் பெரியவனாகி "நான் தள்ளுகிறேன்" என்று வருவான். 12 வயசுக்கு முன் இந்த மெஷினைக் கொடுக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் பரிந்துரை.

செருப்போடு போகாதே. நான் முதல் கோடை முழுக்க ரப்பர்ச் செருப்போடுதான் வெட்டினேன், கால் விரல் பத்தும் இருப்பது அதிர்ஷ்டம். விரலை மூடிய, அடியில் பிடிமானமுள்ள ஷூ, நீளமான பேன்ட், கண்ணுக்குக் கண்ணாடி. காதுக்கும் ஏதாவது வேண்டும். இந்த மெஷின்கள் 90 டெசிபல் வரை கத்தும், 85-க்கு மேல் நெடுநேரம் கேட்டாலே காது கெடத் தொடங்கும். கழுத்தில் தொங்கும் துணி எதுவும் வேண்டாம்.

ஸ்டார்ட் செய்வது: சமமான, புல் குட்டையான இடத்தில் நிறுத்து. சரளைக் கல் மேல் வேண்டாம். பிளக் தொப்பியைத் திரும்ப மாட்டு. (மறந்துவிட்டு இருபது முறை கயிறு இழுத்தவள் சொல்கிறேன்.) ரப்பர்க் குமிழ் இருந்தால் மூன்று முறை அழுத்து, சோக் (ஆறிய இஞ்சின் சுலபமாகக் கிளம்ப உதவும் பிடி) இருந்தால் இழுத்து வை. லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கயிற்றை முதலில் மெதுவாக இழு. ஓரிடத்தில் கனம் தட்டும், அங்கிருந்து ஒரே வீச்சில் இழு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே, இஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும்.

வளர்ந்த புல்லை ஒரேயடியாக ஒட்ட வெட்டிவிட்டால் வேலை மிச்சம் என்று தோன்றும். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு தடவையில் எடுக்கக் கூடாது. எடுத்தால் புல்லும் மஞ்சளாகும், மெஷினும் திணறி அடைத்துக்கொள்ளும், அடைத்தால் கை உள்ளே போகும். எல்லாம் ஒன்றோடொன்று தொடுத்தது. முழங்கால் அளவு வளர்ந்துவிட்டதென்றால் முதலில் சக்கரத்தை உச்ச உயரத்தில் வைத்து ஒருமுறை, சில நாள் கழித்து இறக்கி ஒருமுறை வெட்டு. உயரம் மாற்றுவதும் இஞ்சினை நிறுத்திவிட்டுத்தான். பனி காய்ந்த பிறகு தொடங்கு.

எப்போதும் முன்னோக்கித் தள்ளு, ஓடாமல் நட. புல் வெளியே வீசும் பக்கம் வீடு, கார், ஆள் இருக்கும் திசையாக இருக்கக் கூடாது. வேலியை ஒட்டிய மூலையில் பின்னுக்கு இழுத்தே ஆக வேண்டுமென்றால் நின்று, திரும்பிப் பார்த்து, பிறகு இழு. பாதங்களுக்கு மேல் பிளேடு வந்து நிற்கும் விபத்து அப்படித்தான் நடக்கிறது. சரிவான இடத்தில் மேலும் கீழுமாக ஏறி இறங்காமல், குறுக்காக நட. மேலேறும்போது வழுக்கினால் மெஷின் உன்மேல் உருண்டு வரும், இறங்கும்போது வழுக்கினால் நீயே அதன் அடியில் போவாய். 15 டிகிரிக்கு மேல் சரிவென்றால் மெஷினையே கொண்டுபோகாதே. சரளைப் பாதையைக் கடக்க வேண்டுமென்றால் நிறுத்திவிட்டுத் தள்ளிப்போ.

எதிலாவது மோதி "டங்" என்று கேட்டாலோ, கைப்பிடி திடீரென்று நடுங்கத் தொடங்கினாலோ, உடனே நிறுத்தி, பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார். பிளேடு வளைந்தோ விரிசல் விட்டோ இருக்கும். வளைந்த பிளேடைச் சுத்தியால் அடித்து நிமிர்த்த நினைக்காதே, புதிது மாற்று. முதல் தடவை தெரிந்தவர் யாரையாவது வைத்து மாற்றிக்கொள்.

சுத்தம் செய்யச் சாய்க்கும்போது எந்தப் பக்கம் என்பது முக்கியம். ஏர் ஃபில்டர் மேலே பார்க்க வேண்டும். நான் ஒருமுறை மறுபக்கம் சாய்த்துவிட்டேன். ஆயில் முழுக்க ஃபில்டருக்குள் இறங்கி, ஸ்டார்ட் செய்ததும் தெரு முழுக்க வெள்ளைப் புகை. பக்கத்து வீட்டார் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர்க் குழாயோடே வந்தார்.

இதெல்லாம் பார்த்து மலைப்பாக இருந்தால் பேட்டரி மெஷின் பற்றி யோசி. புகையில்லை, கயிறில்லை. ஆனால் அங்கும் பிளேடு அதே பிளேடுதான். பிளக் தொப்பிக்குப் பதில் பேட்டரியையும் சாவியையும் கழற்ற வேண்டும், அவ்வளவே. ஒயர் வைத்த மின்சார மெஷின் என்றால் மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் வழியாகத்தான் செருக வேண்டும், ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு பிளக் பாயின்ட் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி விலகிப் போய்க்கொண்டே வெட்ட வேண்டும்.

இந்த வாரம் மெஷினை வெளியே எடுத்து, தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுது. லீவரில் கம்பி கட்டியிருக்கிறதா, பின்பக்க மறைப்பு இருக்கிறதா, ஆயில் என்ன நிறம், மூன்றையும் சொல். அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரருக்கு என்ன எழுதுவது என்று நான் சொல்கிறேன்.