தியேட்டர் வாசலில் போட்ட கையெழுத்து

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எங்களுக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரருக்கு 54 வயது. இரண்டு வருஷமாகப் பித்தப்பையில் கல். வலி வரும்போதெல்லாம் ஊசி போட்டுக்கொண்டு காலம் தள்ளினார். 'சம்பா நடவு முடிந்த கையோடு ஆபரேஷன் பண்ணிக்கொள்ளுங்கள், களையெடுப்புக்குள் எழுந்துவிடலாம்' என்று நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவள் நான்தான். நாலு சின்ன ஓட்டை, மூன்றாம் நாள் வீடு என்றார்கள். உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து, 'ஓட்டை வழியாக முடியவில்லை, வயிற்றைத் திறக்கணும், கையெழுத்துப் போடுங்க' என்றார். போட்டேன். ஐந்தாம் நாள் டியூபில் பித்தநீர் வந்தது. வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வாய் வழியாகக் குழாய் விட்டு, பித்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்தோம். 17 நாள் கழித்து வீடு வந்து சேர்ந்தோம். இடுப்பில் இன்னும் பை தொங்குகிறது. ஸ்டென்ட்டை எடுக்க ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 'கத்தி வைக்க வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே' என்கிறார் மாமியார். டாக்டர் தப்பா, என் தப்பா? இவரை எப்படித் தேற்றுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் 'போட்டேன்' என்ற ஒற்றைச் சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். டெல்டா பக்கத்து அரசு ஆஸ்பத்திரிகளில் 31 வருஷம் நர்ஸாக அந்தப் பேப்பரை நீட்டியவள் நான். நீட்டியதும் ஆளுக்கொரு மாதிரி. சிலர் பெயரில் பாதியை எழுதிவிட்டு மீதியை மறந்து நிற்பார்கள். ஒரு அம்மா தன் பெயருக்குப் பதில் புருஷன் பெயரை எழுதிவிட்டு, அது தெரியாமலே பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நேரத்தில் யாரும் யோசித்துக் கையெழுத்துப் போடுவதில்லை. யோசிக்க அங்கே நேரமும் இருக்காது.

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வயிற்றைத் திறந்தது தோல்வி இல்லை. இரண்டு வருஷம் விட்டு விட்டு வலித்த பித்தப்பை, வீங்கி வீங்கிச் சுற்றியுள்ளதோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கும். பித்தப்பையின் சின்னக் குழாய் எது, கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய குழாய் எது என்று கேமராவில் பிரித்துப் பார்க்க முடியாத நிலை வரும். அதற்கு மேலும் பிடிவாதமாகத் தொடர்ந்து, பெரிய குழாயை வெட்டிவிட்டால் அது ஆயுசுக்கும் தொல்லை. நிறுத்தித் திறப்பதுதான் பத்திரம். அவரே முதல் நாள் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். 'தேவைப்பட்டால் திறந்த அறுவை' என்று அதில் பெரும்பாலும் இருக்கும். யாரும் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள், அது வேறு கதை.

இனி அவர் மௌனத்துக்கு வருகிறேன். என் அம்மா கதையைச் சொன்னால்தான் அது விளங்கும்.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அரை மணி நேர வேலை, நானும் கூடவே நின்றேன். பாதியில் லென்ஸ் உட்கார வேண்டிய பின்பக்கச் சவ்வு கிழிந்துவிட்டது. அன்றைக்கு லென்ஸ் வைக்கவில்லை. புண் ஆறட்டும், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு எல்லாம் தெரியும். அம்மாவிடம் மட்டும் 'நல்லபடியா முடிஞ்சுதும்மா' என்றேன். பெரிய நர்ஸ்! பாபநாசத்துக்கு வந்த நாலாம் நாள், அம்மா டபராவில் காபி ஆற்றினார். பாதி காபி டபராவுக்கு வெளியே திண்ணையில் ஓடியது. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: 'இதுதான் நல்லபடின்னா, எனக்குப் பழைய கண்ணே போதும்டி.' அன்றைக்குத்தான் நடந்ததைச் சொன்னேன். திட்டினார். சாயங்காலம் வரை திட்டினார். அதற்கப்புறம் தடவித் தடவிப் பூக் கட்ட உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது தடவை லென்ஸ் வைத்தது வரைக்கும் நாங்கள் இருவரும் சண்டை இல்லாமல்தான் இருந்தோம்.

உங்கள் வீட்டுக்காரர் நாலு ஓட்டை என்று நம்பி மயக்கத்துக்குப் போனவர். கண் விழித்தபோது விலாவுக்குக் கீழே ஒரு சாண் கட்டு, பக்கத்தில் டியூப். அவர் உடம்பில் நடந்தது அவரைத் தவிர வார்டில் அத்தனை பேருக்கும் தெரியும். அவருக்கு யாராவது உட்கார்ந்து சொன்னார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. நர்ஸ் வெளியே வந்தது, நீங்கள் கையெழுத்துப் போட்டது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், உங்களுக்கு என்ன பயம் என்று எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். 'நான்தான் உங்களைத் தள்ளினேன்' என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் கோபப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும்.

பித்தநீர்க் கசிவை அவருக்குப் புரிய வைக்க நான் எதற்கு? விவசாயிதானே. வாய்க்கால் கரையில் உடைப்பு எடுத்தால் என்ன செய்வார்? வடிகாலைத் திறந்து தண்ணீரை அந்தப் பக்கம் இழுத்துவிட்டால், உடைப்பில் அழுத்தம் குறைந்து மண் பிடிக்கும். ஸ்டென்ட் அந்த வேலையைத்தான் செய்கிறது. பித்தநீர் குடலுக்குச் சுலபமாக வடிய, கசிந்த இடம் தானாக மூடிக்கொள்ளும்.

பையை எப்போதும் துளைக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கும்போதும் கட்டில் மேலே வைக்க வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் காலி செய்து, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதுகிற வேலையை அவரிடமே கொடுங்கள். மேட்டூர் நீர்மட்டத்தைத் தினம் பார்க்கிற மனுஷருக்கு இது ஒன்றும் பெரிதில்லை. அளவு குறைந்துகொண்டே வருவதை அவர் கண்ணாலேயே பார்ப்பார்.

குளிர் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், சிறுநீர் கறுத்து மலம் வெளுத்துப் போவது, பையில் வடிவது திடீரென நின்று வயிறு உப்பி வலிப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே கிளம்பிவிட வேண்டும். மஞ்சள் என்றதும் மாமியார் கீழாநெல்லி அரைக்கப் போவார். இது அந்தக் காமாலை இல்லை, உள்ளே அடைப்பாக இருக்கலாம். நாளைக் கடத்தாதீர்கள்.

45 கிலோ யூரியா மூட்டை பக்கம் அவர் போகவே கூடாது. தையல் போட்ட இடம் விட்டுக்கொடுத்தால் குடலிறக்கம் வரும். எப்போது தூக்கலாம் என்று டாக்டர் சொல்லட்டும். வரப்பில் நடக்கலாம், நடந்தால் நல்லது. களையெடுப்பை இந்த வருஷம் அவர் வரப்பில் நின்று அதட்டிக்கொண்டே முடிக்கட்டும்.

டாக்டர் தப்பா என்று கேட்கிறீர்கள். கவனமான கையிலும் பித்தநீர் கசியும். வெட்டிய குழாயின் முனையில் போட்ட கிளிப் நழுவலாம், கல்லீரல் படுகையிலுள்ள நுண்குழாய் கசியலாம். உங்கள் கடிதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் உட்காரவைத்து விவரம் சொல்லாதது கண்டிப்பாகத் தப்பு. கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு இரண்டின் நகலையும் எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் வருஷத்து விதி. 'எங்கிருந்து கசிந்தது, பெரிய குழாய்க்குச் சேதம் உண்டா' என்று நேராகக் கேளுங்கள். பதிலில் மனசு ஒப்பவில்லை என்றால், அந்தக் காகிதங்களோடு தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இன்னொரு நிபுணரைப் பாருங்கள்.

மாமியார் பிள்ளையைப் பெற்றவர், புலம்பட்டும். ஆனால் ஒன்று: கல்லை விட்டு வைத்திருந்தால் ஒரு நாள் அது நழுவிப் பெரிய குழாயை அடைத்துக் கணையமும் வீங்கி, நடு ராத்திரியில் ஓடியிருப்பீர்கள். இதை அவரிடம் ஒரே தடவை சொல்லுங்கள். மறுபடி மறுபடி வேண்டாம்.

கடைசியாக, வலி போய்ப் பையும் எடுத்த பிறகு, 'நல்லாத்தானே இருக்கேன்' என்று ஸ்டென்ட்டை மறந்துவிடுவார்கள். அப்படி மறந்து, மாதக்கணக்கில் அடைத்துக்கொண்டு காய்ச்சலோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எடுக்கிற தேதியைத் தினசரி காலண்டரில் அந்தத் தாளிலேயே சிவப்பு மையில் எழுதி வையுங்கள். அன்றைக்கும் வாய் வழியாகத்தான் குழாய் விடுவார்கள், வெறும் வயிற்றோடு போக வேண்டும். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தால் பசியோடு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் உங்களைத்தான் முறைப்பார், அதனால் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.