வாசலில் ஒரு சாப்பாட்டுக் கூடை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பாலக்கோட்டில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. இரவு பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் எழுத உட்காருகிறேன். இரண்டு ஆண்டுகளாக என் நாவல் நான்காம் அத்தியாயத்திலேயே நிற்கிறது. ஒரு மாதம் தங்கி எழுதும் ரெசிடென்சி ஒன்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்லித் தோழி வற்புறுத்துகிறாள். ஓவியர், இசைக்கலைஞர், நாடகக்காரர் என்று பலரும் அங்கே இருப்பார்களாம். எழுதுகிறவளுக்கு அவர்களிடம் என்ன வேலை? வீட்டில் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. இது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு இல்லையா?

வாசகி, பாலக்கோடு

அன்புள்ள தங்கைக்கு,

பாத்திரம் கழுவி முடித்த பிறகு என்று எழுதியிருக்கிறீர்கள். என் பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

1907இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையரில், இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலும் அவர் மனைவி மேரியனும் தங்கள் பண்ணையைக் கலைஞர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே கணவர் இறந்துபோனார். பியானோ கலைஞரான மேரியன் ஊர் ஊராகக் கச்சேரி செய்து பணம் திரட்டி அந்த இடத்தைக் காப்பாற்றினார். காட்டுக்குள் தனித்தனிக் குடில்கள். மதியச் சாப்பாட்டைக் கூடையில் வைத்து வாசலில் விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. காலை பத்து மணிக்கு ஒரு வாக்கியம் பிடிபடும் நேரத்தில், மதியத்துக்கு என்ன குழம்பு என்ற நினைப்பு குறுக்கே வராத ஒரு பகல் எனக்கு நாற்பத்திரண்டு வயதுவரை வாய்த்ததில்லை.

வாய்த்தபோது மூன்று வாரம், வேறு மாநிலத்தில். அங்கே ஓர் இளம் கட்டடக் கலைஞர் இருந்தார். என் நாவல் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஓட்டு வீடு ஒன்றில் நடக்கிறது என்றேன். இரவுச் சாப்பாட்டு மேசையிலேயே என் நோட்டைத் திருப்பி வைத்து, வீட்டை வரையுங்கள் என்றார். திண்ணை, நடை, முற்றம், பின்தாழ்வாரம், அதற்கும் பின்னால் அடுப்படி. வரைந்தேன். அவர் பென்சிலை அடுப்படியில் வைத்தார். "திண்ணையில் மாமியார் தரகரிடம் பேசியது இங்கிருந்த மருமகளுக்கு எப்படிக் கேட்டது?" நடுவில் இரண்டு சுவர், ஒரு முற்றம். கேட்டிருக்க முடியாது. மூன்று ஆண்டுகளாக அந்த அத்தியாயம் ஏன் உயிரில்லாமல் கிடந்தது என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது. மறுநாள் மருமகளை ஒரு சொம்புத் தண்ணீரோடு நடைக்கதவின் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். தற்செயலாகக் கேட்டவள், கேட்பதற்கென்றே வந்து நின்றவள் ஆனாள். அதன் பிறகு நாவல் அவளுடையது.

என் எழுத்தாள நண்பர்கள் அந்த அத்தியாயத்தைப் படித்திருக்கிறார்கள். மொழிநடையைப் பற்றிப் பேசினார்கள், வட்டார வழக்கைப் பற்றிப் பேசினார்கள். சுவரை யாரும் பார்க்கவில்லை. உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

நமக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. பென்னாகரம் பக்கம் என் பாட்டி ஊரில் பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சோறு போடுவார்கள். பகலில் எங்கள் திண்ணையில் துரியோதனன் வேடக்காரர் தோளில் கட்டும் புஜக்கட்டையில் உதிர்ந்த கண்ணாடிச் சில்லை ஒட்டிக்கொண்டே, அன்றிரவு பாட வேண்டிய விருத்தத்தை மிருதங்கக்காரரிடம் முணுமுணுத்துக் காட்டுவார். அதைப் பொழுதுபோக்கு என்று என் பாட்டி நினைக்கவில்லை. இரவு விழித்து வேலை செய்கிறவர்களுக்குப் பகலில் களி கிண்டிப் போட வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

வசதியுள்ளவர்களுக்கு என்று நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தங்குவதற்கே கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு. அவற்றை விட்டுவிடுங்கள். இடமும் உணவும் இலவசமாகத் தரும் இடங்களை மட்டும் பாருங்கள். இந்திய மொழிகளில் எழுதுகிறவர்களுக்கும் சேர்த்து 2008இல் தொடங்கப்பட்ட சங்கம் ஹவுஸ், பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில், நிருத்யகிராமம் என்ற நடனக் கிராமத்திலேயே எழுத்தாளர்களைத் தங்கவைத்து நடந்திருக்கிறது. கிருஷ்ணகிரியில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடும் தூரம்.

விண்ணப்பத்தில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்பார்கள். பெரிய வார்த்தைகள் வேண்டாம். நான்காம் அத்தியாயத்தில் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதை அப்படியே எழுதுங்கள். வீட்டில், ஓய்வுக்குப் போகிறேன் என்று சொல்லாதீர்கள். மே விடுமுறையில் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன் அந்த நான்காம் அத்தியாயத்தை எனக்கு ஒருமுறை அனுப்பிவையுங்கள், படித்துச் சொல்கிறேன். கூடவே அந்த வீட்டையும் வரைந்து அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா