செக்லிஸ்ட்டைப் படிக்காமல் ஓகே சொல்லாதீர்கள்
ஏற்றுமதி, சுங்கம்: வாசகர் கேள்வி–பதில்

விரலி மஞ்சள் 10 டன், தூத்துக்குடி வழியாக துபாய்க்கு அனுப்பப் போகிறோம். முதல் சரக்கு. ஏற்றுமதி-இறக்குமதிக்கான அடையாள எண்ணான ஐஇசி நம்பர் வாங்கியாயிற்று. மற்றதை ஏஜென்ட் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், பெருந்துறை

ஐஇசி முதல் படிதான். அதையும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டிஜிஎஃப்டியின் தளத்தில் புதுப்பிக்க வேண்டும். விவரம் எதுவும் மாறவில்லை என்றாலும் உறுதிசெய்தே ஆக வேண்டும். தவறினால் நம்பர் முடங்கும். ஏற்றுமதிப் பணத்தைக் கையாளும் வங்கிக் கிளையைக் காட்டும் ஏடி கோடு கடிதத்தை வங்கியிடம் வாங்கி, சுங்கத் துறையின் இணையதளமான ஐஸ்கேட்டில் பதிவு செய்யுங்கள். ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்ப, நடப்பு நிதியாண்டின் உறுதிமொழிக் கடிதம் (எல்யூடி) வேண்டும். மஞ்சள் என்பதால் ஸ்பைசஸ் போர்டின் ஏற்றுமதியாளர் பதிவும் கட்டாயம்.

சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் பைட்டோசானிட்டரி சான்றிதழ் தேவையா என்று வாங்குபவரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். தேவை என்றால் கன்டெய்னருக்கு சீல் வைக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அதிகாரிகள் சரக்கைப் பார்த்துத்தான் தருவார்கள். கப்பல் கிளம்பிய பிறகு அதற்கு வழியில்லை.

இனி, முக்கியமான இடம். சுங்கத்திடம் தரும் ஏற்றுமதி அறிவிப்பான ஷிப்பிங் பில்லைத் தாக்கல் செய்யும் முன், அதில் போகவிருக்கும் விவரங்களை ஏஜென்ட் உங்களுக்கு ஒரு செக்லிஸ்ட்டாக அனுப்புவார். பலரும் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபாருங்கள். சரக்கு வகையைக் குறிக்கும் எச்எஸ் கோடு காய்ந்த மஞ்சளுக்கு 09103020, தூளுக்கு 09103030. கடைசி இலக்கங்கள் மாறினால் சரக்கே வேறு என்றாகிவிடும். 50 கிலோ மூட்டை 200 என்றால் நிகர எடை 10,000 கிலோ. சாக்கு அரைக் கிலோ என்றால் மொத்த எடை 10,100. சரக்கை அடுக்கும் தட்டான பேலட்டில் அடுக்கினால் அந்த எடையும் சேரும். இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். 2016 ஜூலை முதல் கன்டெய்னரின் சரிபார்த்த எடையான விஜிஎம் தராமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். காலி கன்டெய்னரின் எடையைக் கழித்த பிறகு அந்த எடையும் பேக்கிங் லிஸ்ட்டும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி வரும், துறைமுக வாசலிலேயே நாள் கழியும். பொருளில் அடங்கிய வரிகளை ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தரும் ரோடெப் சலுகை உங்கள் சரக்குக்கு உண்டென்றால், அதைக் கோருவதாகக் குறித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

சுங்கத்தின் ஏற்றுமதி அனுமதியான எல்இஓ கிடைத்த பிறகு திருத்தம் வேண்டுமானால் சுங்கச் சட்டத்தின் 149-ஆம் பிரிவில் மனு போட வேண்டும். அதுவும் ஏற்றுமதியின்போதே இருந்த ஆவணத்தைக் காட்டினால்தான் நடக்கும்.

ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) கட்டிப் படுக்கை விரிப்பு அனுப்பினோம். பணம் வந்துவிட்டது, ரீஃபண்டு மட்டும் வரவில்லை. தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா?
– வாசகி, கரூர்

வேண்டாம். ஷிப்பிங் பில்லே ரீஃபண்டு விண்ணப்பம்தான். ஐஸ்கேட்டில் உங்கள் பில்லுக்கு என்ன பிழைக் குறியீடு காட்டுகிறது என்று பாருங்கள். எஸ்பி005 என்றால் இன்வாய்ஸ் நம்பர் பொருந்தவில்லை. விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ‘045/25-26’ என்றும் ஷிப்பிங் பில்லில் ‘45’ என்றும் இருந்தால் கணினிக்கு அவை இரண்டு இன்வாய்ஸ்கள். தவறு ஜிஎஸ்டிஆர்-1 பக்கம் என்றால், அடுத்து தாக்கல் செய்யும்போது அட்டவணை 9ஏ-வில் திருத்துங்கள். ஷிப்பிங் பில் பக்கம் என்றால் சுங்க அலுவலகத்தைத்தான் அணுக வேண்டும். எஸ்பி006 என்றால் கப்பல் தரப்பு தாக்கல் செய்யவேண்டிய, ஏற்றிய சரக்குகளின் பட்டியலான ஈஜிஎம் வரவில்லை. உள்நாட்டுக் கன்டெய்னர் டிப்போவில் கிளியர் செய்த சரக்குகளில் இது சகஜம். ஷிப்பிங் லைனை விடாமல் கேளுங்கள். உங்கள் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை.

மரப் பேலட்டில் முத்திரை கேட்கிறார்கள். எந்த முத்திரை?
– வாசகர், ஓசூர்

ஐஎஸ்பிஎம்-15 முத்திரை. மரத்துக்குள் ஒளிந்து பூச்சி போய்விடக் கூடாது என்பதற்கான சர்வதேச விதி. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம், தொடர்ந்து 30 நிமிடம் ஏறியிருக்க வேண்டும். முத்திரையில் சர்வதேச தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தமான ஐபிபிசியின் கோதுமைக் கதிர்ச் சின்னமும், நாட்டுக் குறியீடும், சூடேற்றம் செய்ததைக் குறிக்கும் ‘எச்டி’ எழுத்துகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். பிளைவுட்டுக்கு இது தேவையில்லை. உடைந்த பேலட்டில் கையில் கிடைத்த பலகையை வைத்து ஆணி அடித்தால் பழைய முத்திரை செல்லாது. அதை எடுத்து வைத்துவிட்டு, முத்திரையுள்ள வேறு பேலட்டில் ஏற்றுங்கள்.