ஆறு வருஷமாக ஒரே சம்பளம், கேட்டால் "பிடிக்கலன்னா போ"

தங்கச்சி, நாகர்கோவில் ஜவுளிக்கடையில் ஆறு வருஷம், அடிப்படைச் சம்பளம் 13,000, ஏற்றிக் கேட்டால் மேலாளர் "பிடிக்கலன்னா போ" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். திங்கட்கிழமையே நின்றுவிடலாமா என்றும் கேட்டீர்கள். கோபத்தில் நிற்காதீர்கள்.

நான் மார்த்தாண்டத்தில் ஒரு பெரிய கடையில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, ஒரு சாயங்காலம் அழுதுகொண்டே இறங்கி வந்தவள். "நீயாகத்தானே போற, ஒண்ணும் கிடையாது" என்றார்கள். நம்பிவிட்டேன். இன்றும் அது வலிக்கிறது.

ஐந்து வருஷம் முடித்தவர் தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு; அதாவது கிராஜுவிட்டி, இத்தனை வருஷ உழைப்புக்காக விலகும்போது முதலாளி தர வேண்டிய தொகை. கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கான தொகை. உங்களுக்கு 7,500. ஆறு வருஷத்துக்கு 45,000 ரூபாய். அதை விட்டுவிட்டு வராதீர்கள்.

முதலில் அரசின் உமங் செயலியில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கைப் பாருங்கள். உங்களிடம் பிடித்த 12 சதவீதம் மாதாமாதம் ஏறியிருக்கிறதா? சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். 30 நாளில் பணிக்கொடை வரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

கால் வீங்குகிறது என்றீர்களே, கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டம் வந்துவிட்டது. இருக்கும்வரை உட்காருங்கள் தங்கச்சி. பாஸ்புக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.