நமக்கு வியாபாரம் ஒத்துவராதா?

கேள்வி: ஐயா, பண்ருட்டியில் முந்திரிக் கம்பெனியில் பருப்பு தரம் பிரிக்கும் வேலை செய்கிறேன். மிளகு முந்திரி வறுத்து, பாக்கெட் போட்டு விற்க ரொம்ப நாளாக ஆசை. பேச்சை எடுத்தாலே, "நம்ம குடும்பத்துக்கு வியாபாரம் ஒத்துவராது" என்கிறார் மாமியார். மாமனார் கடன் வாங்கித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்த வருஷம்தான் 'தானே' புயல் வந்தது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இறங்கலாமா?
– ஒரு வாசகி, பண்ருட்டி

பதில்: 2011 டிசம்பர் 30 அன்று அந்தப் புயலில் நம் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்த யாரும் உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டார்கள். நட்ட மரம் காய்ப்புக்கு வர வருஷக்கணக்கில் ஆகும். அந்த அடி லேசில் ஆறாது, அம்மா. ஆனால் புயலில் போனது தோப்பு. நீங்களோ பருப்பை வாங்கி, வறுத்து விற்கப் போகிறீர்கள். உங்களுக்கு வரக்கூடிய தொல்லைகள் வேறு: பருப்பு விலை திடீரென்று ஏறும், பாக்கெட் வாய் சரியாக ஒட்டாவிட்டால் சரக்கு நமத்துப்போகும், கடைக்காரர் பணம் தராமல் இழுத்தடிப்பார். பயப்படுவதானால் இவற்றுக்குப் பயப்படுங்கள். இவற்றுக்கு வழி உண்டு.

ஐசெக் அய்சன் என்ற உளவியலாளர் 1991இல் எழுதியது உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு காரியத்தில் இறங்கும் எண்ணம் மூன்று நம்பிக்கைகளைப் பொறுத்தது என்றார் அவர். இதனால் நல்லது நடக்குமா? நமக்கு வேண்டியவர்கள் என்ன நினைப்பார்கள்? நம்மால் முடியுமா? முதலாவது உங்களிடம் இருக்கிறது. இரண்டாவதில் மாமியார் நிற்கிறார். உங்களைப் பிடித்து இழுப்பது மூன்றாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடலூரில் வங்கிக் கடன் பிரிவில் நான் இருந்தபோது, எதிரே வந்து உட்காரும் பெண்கள் பலர் முதலில் கேட்டது, "என்னால ஆகுமா சார்?" என்றுதான். கணக்கைக் கேட்டால் விரல்நுனியில் வைத்திருப்பார்கள்.

உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 240, 320 என்று பிரிக்கிறீர்களே, ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். கண் பார்த்ததும் உங்கள் கை தானாகத் தள்ளிவிடுகிறது. எந்த வறுவலுக்கு முழுப்பருப்பு வேண்டும், எதற்குப் பாதிப் பருப்பே போதும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாக இந்த வியாபாரத்துக்கு வருகிற ஒருவர் இதைக் கற்றுக்கொள்ளக் காசை இழக்க வேண்டியிருக்கும்.

"துணிந்து இறங்குங்கள்" என்று நான் எழுதினால் மட்டும் பயம் போய்விடாது. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆல்பர்ட் பந்தூரா என்ற உளவியலாளர் 1977இல் விளக்கினார். தானே செய்து முடித்த காரியத்துக்குத்தான் அதில் முதலிடம். தன்னைப்போல் ஒருவர் செய்வதைப் பார்ப்பதும் உதவும். வாய்வார்த்தைக்கு அவ்வளவு பலம் இல்லை. அதனால் கைக்காசில் இரண்டு கிலோ வாங்கி வறுங்கள். தெரிந்தவர்களுக்குக் கொடுத்து ருசி கேளுங்கள். பருப்பு, எண்ணெய், கேஸ், பாக்கெட், உங்கள் கூலி என எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள் (கூலியை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்). அப்புறம் அந்த நோட்டோடு மாமியாரிடம் உட்காருங்கள். அவர் பயப்படுவது வியாபாரத்துக்கா, கடனுக்கா என்று கேளுங்கள். கடனுக்குத்தான் என்றால் இப்போதைக்குக் கடனே வேண்டாம். தேவைப்படும் நாளில் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். கடைக்குச் சரக்குப் போடும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: ஜாதகத்தில் பத்தாம் இடம் சரியில்லை, சொந்தத் தொழில் வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: நல்ல நாள் பார்த்துக் கடை திறங்கள், அது மனசுக்குத் தெம்பு. ஆனால் தொழில் வேண்டுமா வேண்டாமா என்பதைக் கடை வாடகையையும், அதே தெருவில் அதே சரக்கு விற்கும் கடைகளையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து நண்பர்கள் சேர்ந்து டி-சர்ட் தொழில் பற்றிப் பேசுகிறோம். எல்லோருக்கும் நம்பிக்கை இருக்கிறது. ஒருவரும் தொடங்கவில்லையே, ஏன்?
– ஒரு மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: நம்பிக்கை இருக்கிறது, தேதி இல்லை தம்பி. எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் எண்ணத்தைச் செயலாக்குவது அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதினார். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கடை போடுபவர் யாரிடமாவது ஓரமாகக் கொஞ்சம் இடம் கேளுங்கள். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பத்து டி-சர்ட்டோடு அங்கே இருங்கள். எந்த சைஸ் போனது, எந்த நிறம் திரும்பி வந்தது என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.