அப்பாவைக் கொண்டுபோன நோயை ஆராய்கிறேன், விட்டுவிடலாமா?

கேள்வி: கணையப் புற்றுநோயால் அப்பா இறந்தார். நோய் தெரிந்தபின் ஏழு மாதம்கூட இருக்கவில்லை. அதனால்தான் பெங்களூருவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதே நோயைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தேன். இப்போது மூன்றாம் ஆண்டு. முதல் ஆண்டில் வந்த நல்ல முடிவு மறுபடி வரவே மாட்டேன் என்கிறது. நெறியாளர் “திரும்பச் செய்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அம்மா ஞாயிறுதோறும் போனில், “மருந்து ஏதாவது கிடைத்ததா?” என்று கேட்கிறார். அப்பாவை ஏமாற்றுகிறேனோ என்றிருக்கிறது. விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா?

– பெயர் வேண்டாம், மல்லேஸ்வரம்

பதில்: இந்த மாதம் எந்த முடிவும் எடுக்காதீர்கள். முடிவு திரும்ப வராததும் உங்களையே சந்தேகிக்கிறீர்கள். ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களைச் சந்தேகித்தீர்களா? அவற்றில் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி தொற்றியிருந்தால் வளர்ப்பு ஊடகம் கலங்காது, செல்களும் பெரும்பாலும் சாகாது. சாதாரண நுண்ணோக்கியில் அது தெரியாது. செல்சுவர் இல்லாத கிருமி என்பதால் நாம் வழக்கமாகச் சேர்க்கும் பெனிசிலினுக்கும் அடங்காது. ஆனால் செல்களின் நடத்தையையே மாற்றிவிடும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்து பாருங்கள். முதல் ஆண்டில் உறைய வைத்த குப்பி திரவ நைட்ரஜனில் மிச்சமிருந்தால் அதை எடுத்து வளர்த்து, இப்போதைய செல்களோடு ஒப்பிடுங்கள். மாதக்கணக்கில் பிரித்துப் பிரித்து வளர்த்த செல்கள் பழைய குணத்தோடு இருக்குமென்று நம்ப முடியாது. செல்களுக்கு ஊட்டமாகச் சேர்க்கும் சீரம் எப்போது மாறியது என்று குறிப்பேட்டைப் புரட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வரவில்லையென்றால் முதல் முடிவு தற்செயலாக வந்ததாகவே இருக்கலாம். அதை அப்படியே எழுதி நெறியாளர் முன் வையுங்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு கூடும்போது சொல்லுங்கள். பிடித்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைக்க யார் சொன்னாலும் ஒப்பாதீர்கள். பொய் முடிவை நம்பி இன்னொரு மாணவி மூன்று ஆண்டுகளைத் தொலைப்பாள். இந்த நோயாளிகளுக்கு அத்தனை காலம் கிடைப்பது அரிது என்பது உங்களுக்குத் தெரியாததா?

அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். கணையப் புற்றுநோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்குக் கேராஸ் என்ற மரபணு பழுதாகியிருக்கும். மனிதப் புற்றுச் செல்களில் அதை 1982இலேயே அடையாளம் கண்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் புரதத்தில் மருந்து பற்றிக்கொள்ள இடமே இல்லை என்று பலரும் கைவிட்டார்கள். 2013இல் கலிபோர்னியாவில் கெவன் ஷோகட்டின் ஆய்வகம் அதில் ஒரு சிறு குழிவைக் கண்டது. அந்தக் கட்டுரையில் முதலில் நின்ற பெயர் ஓர் ஆராய்ச்சி மாணவருடையது. அந்த வழியில் முதல் மருந்து 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் நுரையீரல் புற்றுநோய்க்கு, ஒரே ஒரு வகைப் பழுதுக்கு. கணையத்தில் அந்த வகை நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் இருக்கிறது. நாற்பது ஆண்டு வேலையை ஒருத்தி மூன்று ஆண்டில் முடிக்கவில்லை என்று எந்த அப்பா கோபித்துக்கொள்வார்?

அம்மாவும் மருந்துக்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாவைப் பற்றிப் பேச்செடுக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அடுத்த ஞாயிறு நீங்களே அந்தப் பேச்சைத் தொடங்குங்கள். அப்பாவைக் கொண்டுபோன நோயின் பெயரைக் குப்பி குப்பியாக லேபிளில் எழுதுகிறீர்கள். அது மனத்தை அரிக்காமல் இருக்காது. தூக்கம் கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

வேலைக்குப் போவதில் குற்றமே இல்லை. தேசிய உதவித்தொகை என்றாலும் முதலில் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். பெங்களூரு வாடகையில் வீட்டுக்கும் பணம் அனுப்புவது எவ்வளவு சிரமம் என்று அறிவேன். பணத்துக்காகவோ, இந்த வேலை பிடிக்காமலோ போகலாம். அப்பாவை ஏமாற்றுகிறோம் என்ற எண்ணத்தால் மட்டும் போகாதீர்கள். போவதென்றால், வராத முடிவுகளையும் சேர்த்து ஒழுங்காக எழுதி ஒப்படைத்துவிட்டுப் போங்கள். அடுத்து அந்த மேசைக்கு வருகிறவருக்கு அது வேண்டும்.